நிழல் போன வழியே

1871 டிசம்பர் 12 காலையில் நிலவின் நிழல் அரபிக்கடலிலிருந்து பேக்கலில் கரையேறி, நீலகிரியைத் தாண்டி, அவிநாசி, புதுக்கோட்டை என்று இறங்கி யாழ்ப்பாணத்தைக் கடந்து போனது. அது முழுக் கிரகணம். 148 ஆண்டுகள் கழித்து, 2019 டிசம்பர் 26 காலையில், ஏறக்குறைய அதே தடத்தில் வளையக் கிரகணம் வந்தது. அந்தத் தடத்தை மேற்கிலிருந்து கிழக்காகப் பின்தொடர்ந்து போவது என்று கிளம்பினேன்.

சென்னையில் எங்கள் வீட்டில் கிரகணம் என்றால் கதவடைப்பு, குடத்து நீரில் தருப்பை, பட்டினி, முடிந்ததும் தலைக்குக் குளியல். பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்குக் கிரகணம் பிடிப்பதைக் காட்டி, "நேரம் இவ்வளவு சரியா இருக்கே, பக்கத்துல போட்டிருக்கிற பலன் மட்டும் எப்படிப் பொய்யாகும்?" என்று அம்மா கேட்பார். எளிதில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. நம் நாட்டில் ஜோதிடத்தின் மேல் உள்ள நம்பிக்கையில் பெரும்பகுதி இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

பேக்கல்

செம்பாறைக் கோட்டை கடலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறது. 1871-இல் நார்மன் லாக்யர் என்ற ஆங்கில வானியலர் இந்தக் கோட்டைக்குள்தான் தொலைநோக்கிகளை நிறுத்தினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தைப் பிரெஞ்சுக்காரர் ழான்சென் குண்டூரில் பார்த்தார். சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்று மறுநாளே கண்டுகொண்டார். லாக்யரும் இங்கிலாந்தில் இருந்தபடியே அதே வழியைக் கண்டார். சூரிய ஒளியில் அவர் அடையாளம் கண்ட மஞ்சள் கோடு பின்னால் ஹீலியம் என்ற பெயர் பெற்றது. பூமியில் அந்தத் தனிமம் சிக்கியது 1895-இல்தான். நாம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சில நிமிடங்களில் ஒரு புதுத் தனிமத்துக்கு வழி திறந்திருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கோட்டைக்கு வெளியே ஒரு சிறு கடையில் அரிசிமாவு அடைத்து வேகவைத்துப் பொரித்த கல்லுமக்காய் சாப்பிட்டேன். ஓட்டோடு ஒட்டியிருந்த மாவில் பெருஞ்சீரகமும் தேங்காயும் மணத்தன. 26-ஆம் தேதி கடை உண்டா என்று கேட்டேன். கடைக்காரருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. சற்றுத் தெற்கே செறுவத்தூரில் வளையம் நன்றாகத் தெரியும் என்று ஊரெல்லாம் பேச்சு. கூட்டம் வரும், அதனால் அன்று விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டப் போவதாகச் சொன்னார். அறிவியல் பரப்பும் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்காரர்கள் பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கியதன் பலன் இது என்று நினைக்கிறேன்.

ஆலத்தியூர்

திரூரிலிருந்து கொஞ்ச தூரம். தென்னந்தோப்பு, உப்பங்காற்று, பாரதப்புழை கடலோடு கலக்கும் முகம். அனுமார் கோவிலில் இலையில் வைத்து வெல்ல அவல் தருகிறார்கள். எல்லோரும் வருவது அந்த அவலுக்கும் அனுமாருக்கும். நான் போனது பரமேசுவரன் என்ற வானியலருக்காக.

வடசேரி பரமேசுவரன் நம்பூதிரி இந்த ஊர்க்காரர். பழைய நூல்கள் சொன்ன நேரத்துக்கும் கண்ணில் பட்ட கிரகணத்துக்கும் வித்தியாசம் இருந்ததைக் கவனித்தார். கவனித்ததோடு விடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வானத்தைப் பார்த்துக் குறித்துவைத்து, கணக்கைத் திருத்தி, 1431-இல் 'த்ருக்கணிதம்' எழுதினார். நாம் இன்று திருக்கணிதப் பஞ்சாங்கம் என்று சொல்கிறோமே, அந்தப் பெயருக்கு வேர் இங்கே இருக்கிறது.

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றுமுகம் வரை கூட வந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் 'மாஷ்'. நானும் அப்படியே கூப்பிட்டேன். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "ஐம்பது வருஷம் ஒரு மனுஷன் மணலில் நின்னு பார்த்தார். நூல் தப்புன்னு தெரிஞ்சதும் நூலை மாத்தினார். குருவோட நூல்னு விடலை."

அன்று இரவு முழுக்க அந்தப் பேச்சு மனதில் ஓடியது. கணக்குக்கு இப்படிப்பட்ட சோதனை தலைமுறை தலைமுறையாக நடந்திருக்கிறது. பிழை வந்தால் எழுதிவைத்தார்கள், திருத்தினார்கள், சீடன் ஆசானை மறுத்தான். பலனுக்கு அப்படி எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. 'இந்த மாதத்தில் கிரகணம் பிடித்தால் அரசனுக்கு ஆகாது' என்று எழுதியவர், ஐம்பது கிரகணத்தைப் பார்த்துவிட்டு எத்தனை முறை பலித்தது, எத்தனை முறை பொய்த்தது என்று பக்கம் பக்கமாகக் குறித்து அந்த வரியை அடித்திருக்கிறாரா? வராகமிகிரரை எடுத்துக்கொள்வோம். பிருகத் சம்ஹிதையில் ராகு பற்றிய அத்தியாயத்தில், கிரகணத்துக்கு ராகு காரணம் இல்லை, சந்திர கிரகணத்தில் நிலவு பூமியின் நிழலில் நுழைகிறது என்று தெளிவாகச் சொல்கிறார். அதே அத்தியாயத்தில் கிரகணத்தின் நிறத்துக்கும் திசைக்கும் மாதத்துக்கும் தனித்தனியே பலன் அடுக்குகிறார். அறிவும் பழக்கமும் ஒரே ஏட்டில் குடியிருந்திருக்கின்றன. ஏட்டின் பெருமை இரண்டுக்கும் சேர்ந்தே கிடைத்துவிட்டது.

சோலூர்

நிலம்பூர் வழியாக மலையேறினால் வெயில் வேறாகிவிடுகிறது. சோலூரில் விடிகாலைப் புல்லெல்லாம் வெள்ளைப் பூத்திருந்தது, உறைபனி. நீலகிரியில் இடம் தேடி அலைந்த ழான்சென் கடைசியில் இந்த ஊரைப் பிடித்தார். 1871-இல் சூரியனின் வெளிவளையத்து ஒளியில் கருங்கோடுகளை இங்கேதான் பார்த்தார்.

ஒரு படுகர் வீட்டில் அவரை போட்ட உதக்கக் குழம்பும் சுடுசோறும் கொடுத்தார்கள். அந்த வீட்டம்மா கேட்ட ஒரே கேள்வி, அன்றைக்கு மேகம் மூடுமா என்பதுதான். தேயிலை பறிக்கும் பெண்கள் இடைவேளையில் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்திலிருந்து சூரியக் கண்ணாடி வாங்கி வைத்திருந்தார்.

அவிநாசி

மேட்டுப்பாளையம் இறங்கி அன்னூர் வழியாக அவிநாசி. 1871-இல் சென்னை வான்காணகத்தின் போக்சன் இங்கே கருவிகளோடு வந்தார். கூடவே சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் வந்தார். ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் குடும்பத்துப் பிள்ளை. வான்காணகத்தில் பணியில் சேர்ந்து, 1867-இல் ஆர் ரெட்டிகுலை என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்று தம் சமூகத்தாரிடம் வாதாடி, தாமே ஒரு த்ருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். ஆலத்தியூர் நம்பூதிரிக்கும் இவருக்கும் நடுவே நானூறு ஆண்டு இடைவெளி, ஆனால் பிடிவாதம் ஒன்றுதான். அவிநாசியில் நான் விசாரித்த யாருக்கும் இவர் பெயர் தெரியவில்லை. கோவிலின் பெரிய தேருக்கும் முதலை வாயிலிருந்து மீண்டதாகச் சொல்லும் பிள்ளைக்கும் பக்கத்தில் இவருக்கும் ஒரு கல் நட்டிருக்கலாம்.

தங்கியது ஒரு விசைத்தறிக்காரர் வீட்டில். இரவு அரிசிம்பருப்புச் சோறு, மேலே நெய். காலை ஏழரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டார்கள். குடங்களில் தருப்பை. நாளிதழோடு வந்த ஒரு தாளில் கேட்டை, மூலம், பூராடம், அசுவினி, மகம் நட்சத்திரக்காரர்கள் சாந்தி செய்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. வீட்டுப் பெண்ணுக்கு ஆறு மாதம். அவளை உள்ளறையில் வைத்து, சன்னலுக்குச் சாக்குத் தைத்து மறைத்திருந்தார்கள். கிரகணம் விடும்வரை, அதாவது பதினொன்று தாண்டும்வரை, அன்னம் தண்ணீர் கிடையாது. கத்தி, அருவாமனை, ஊசி எதையும் தொடக்கூடாது. தொட்டால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடுமாம்.

வாசலில் பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கிரகண நேரத்தில் மட்டும்தான் நிற்கும் என்று உலக்கையை நிறுத்தினார்கள். நின்றது. தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மொட்டைமாடியில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் கண்ணாடிகளோடு பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். எட்டு மணிக்குமேல் சூரியனின் ஓரம் கடிபட்டதுபோலக் குறைய ஆரம்பித்தது. மெல்லிய மேகம் வந்து வந்து போனது. வெயிலில் சூடு இறங்கி, நிழல்களின் விளிம்பு கூர்மையானது. நிலவு அன்று பூமியிலிருந்து தள்ளி இருந்ததால் அதன் வட்டம் சூரியனை முழுதாக மூடப் போதவில்லை. ஒன்பதரைக்குச் சற்று முன்னால் இரண்டு முனைகளும் சேர்ந்து, வளையம் மூடியது. மூன்று நிமிடம் போல நின்றது. பிள்ளைகள் கத்தியதில் பக்கத்து மாடிகளில் சாத்தியிருந்த சில கதவுகள் திறந்தன. என் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனை துல்லியமாக இரண்டு வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று வந்து நிற்பதை மனிதன் கணக்குப் போட்டுச் சொல்லிவைத்திருக்கிறான், அது நடந்தும்விட்டது.

கீழே ஓடிவந்து மாவுச் சல்லடையை வெயிலில் பிடித்தேன். திண்ணைச் சிமெண்டில் நூறு நூறாக ஒளி வளையங்கள் விழுந்தன. நிலைப்படிக்கு உள்ளேயே உட்கார்ந்திருந்த அப்பத்தா அதைப் பார்த்தார். வயது எண்பதுக்கு மேல். நிலைப்படியைத் தாண்டாமல் கையை மட்டும் நீட்டி ஒரு வளையத்தின் மேல் விரல் வைத்தார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"எம் பெரிய பையன் உதடு பொளந்து பொறந்தானுங்க. பால் குடிக்க முடியாமயே போய்ட்டான். நெறமாசத்துல ஒரு பெரிய கெரகணம். தெரியாம வெள்ளரிக்கா அரிஞ்சு போட்டேன்."

1955 ஜூன் 20-ஆக இருக்க வேண்டும். அந்த நூற்றாண்டின் மிக நீண்ட முழுக் கிரகணம், இலங்கையில் முழுதாகத் தெரிந்தது, தமிழ்நாட்டில் பெரும்பகுதி மறைந்தது. மாமியார் சாகும்வரை இதைச் சொல்லிக் காட்டினாராம். தானே அதைவிட அதிகம் சொல்லிக்கொண்டதாகவும் சொன்னார்.

கருவில் மேலுதடு கூடிச் சேர்வது நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவில். வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று தாய்க்கே சரியாகத் தெரியாத நாட்கள் அவை. அந்தச் சமயத்தில் கூடாமல் போனதுதான் பிளவாக நிற்கிறது. நிறைமாதத்தில் யார் எதை நறுக்கினாலும் கூடிய உதடு பிளக்காது, கூடாத உதடு சேராது. இதை எனக்குத் தெரிந்த எளிய பேச்சில் சொன்னேன். இன்றைக்கு அறுவை மருத்துவத்தில் இதை நன்றாகச் சரிசெய்கிறார்கள் என்பதையும் சொன்னேன்.

அப்பத்தா விரல் மடக்கி எண்ணினார். "அப்ப அந்த வெள்ளரிக்காய்க்கு ஏழு மாசம் முந்தியே ஆயிப்போச்சுங்களா?"

"ஆமாங்க அப்பத்தா."

"நானில்லீங்களா?"

"நீங்க இல்லீங்க."

கொஞ்ச நேரம் சல்லடை வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை பிறைகளாக மாற ஆரம்பித்திருந்தன. பிறகு எழுந்து போய் சொம்பில் தண்ணீர் மொண்டு, உள்ளறைக் கதவைத் திறந்து, "குடி கண்ணு" என்று பேத்தியிடம் கொடுத்தார். மருமகள் எதையோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். சன்னல் சாக்கை யாரும் எடுக்கவில்லை. தண்ணீர் மட்டும் உள்ளே போனது.

மதியம் பன்னிரண்டுக்கு, கிரகணம் விட்ட பிறகும், உலக்கை தாம்பாளத்தில் அப்படியே நின்றது. அடிப்பூண் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும். கைதட்டிய பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒவ்வொருவரும் எடுத்து எடுத்து நிறுத்திப் பார்த்தார்கள்.

அன்று மாலை செய்திகளில் கலபுரகிப் படங்கள் வந்தன. ஊனம் நீங்கும் என்று நம்பி, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் கிரகண நேரத்தில் கழுத்தளவு மண்ணில் புதைத்து நிறுத்தியிருந்தார்கள். வெறும் நம்பிக்கைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்கிற நண்பர்கள் அந்தக் குழந்தைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

கரூர் தாண்டி

பேருந்தில் பக்கத்து இருக்கையில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் நாகப்பட்டினத்துக்காரர். அன்று சுனாமியின் பதினைந்தாம் ஆண்டு. அம்மாவை இழந்தவர். காலை அஞ்சலிக்குப் போய்ச் சேர முடியவில்லை, மெழுகுவத்தியாவது ஏற்றலாம் என்று போய்க்கொண்டிருந்தார். கிரகணம் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"எங்க ஊருக்கு வந்த அழிவு கிரகணத்தன்னிக்கு வரலைங்க. ஞாயித்துக்கிழமை, பௌர்ணமி. வானம் துடைச்சுவிட்ட மாதிரி இருந்துச்சு. கடலுக்கு அடியில ஆடினது யாருக்குத் தெரியும்?"

2004 டிசம்பரில் சூரியன் ராகு கேது நிற்கும் இடங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்தது. கிரகணத்துக்கு வாய்ப்பே இல்லாத பருவம். நம் கரை கண்ட பெருந்துயரம் எந்த முன்குறியும் இல்லாமல் வந்தது. மறுபக்கமும் இருக்கிறது. நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகளைத்தான் ராகு, கேது என்கிறோம். சூரியன் ஏறக்குறைய 173 நாளுக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றை நெருங்கும். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு சூரிய கிரகணம், சில ஆண்டுகளில் ஐந்துகூட. ஆக, உலகில் எந்தத் துன்பத்தை எடுத்தாலும் அதற்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் ஒரு கிரகணம் இருந்தே தீரும். அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது பலர் டிசம்பர் கிரகணத்தைக் காட்டினார்கள். அந்த நாளில் தனுசு ராசியில் ஆறு கிரகம் கூடியதையும் காட்டினார்கள். காட்டுவதற்கு எப்போதும் ஒன்று கிடைக்கும் என்பதைக் கிரகணக் கணக்கே சொல்லிவிடுகிறது.

திருநாகேஸ்வரம்

கும்பகோணத்தில் இறங்கி டபரா காபி குடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு ராகு கோவிலுக்குப் போனேன். நாலரை மணிக்குப் பாலாபிஷேகம். ராகுவின் மேல் வழியும் பால் நீலம் பாரித்து இறங்குகிறது என்று சொல்லிக் கூட்டம் எம்பி எம்பிப் பார்க்கிறது. வரிசையில் எனக்கு முன்னால் தாயும் மகளும். மகளுக்கு முப்பத்தொன்று. படிப்பும் வேலையும் நன்றாக இருக்கிறது, ஜாதகத்தில் நாக தோஷம் என்று வரன்கள் திரும்பிப் போகின்றன. எத்தனையாவது கோவில் என்று தாய்க்கு எண்ணிக்கை மறந்துவிட்டது. மகள் எதையும் பேசவில்லை, கையிலிருந்த தாமரைக் காம்பை உரித்துக்கொண்டே இருந்தாள். வானத்தில் ஒரு வெட்டுப்புள்ளி, அங்கே கல்லோ ஒளியோ எதுவும் இல்லை. ஒரு பெண்ணின் பத்து வருடத்தை அது தின்றிருக்கிறது.

கோவிலுக்கு அடுத்த தெருவில் ஒரு ஜோசியர் மாமா. மூன்று தலைமுறையாகக் கணிப்பவர்கள். மிகுந்த கண்ணியத்தோடு பேசினார். 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டுக் கிரகம் கூடி, கிரகணமும் சேர்ந்தபோது உலகம் அழியும் என்று நாடே நடுங்கியதையும், ஊர் ஊராக யாகம் நடந்ததையும் அவர் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார். "அழியலை. அக்டோபர்ல சீனாக்காரன் வந்தான், அதுக்குத்தான் அதுன்னுட்டா" என்றார். அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

சனிப்பெயர்ச்சியைப் பற்றிக் கேட்டேன். திருக்கணிதப்படி அது 2020 ஜனவரி 24, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2020 டிசம்பர் 27. பதினோரு மாதம் சனி இரண்டு ராசியில் இருப்பதாக ஆனது. இரண்டு பஞ்சாங்கக்காரர்களும் பலன் எழுதுகிறார்கள், இருவரிடமும் பலித்தது என்று சொல்லிப் பணம் வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். தொலைநோக்கி ஒரு இடத்தைத்தான் காட்டும். இடம் தவறாக இருந்தும் பலன் பலிக்கிறது என்றால் அந்தப் பலன் கிரகத்திலிருந்து வரவில்லை என்றுதானே ஆகிறது? மாமா இதற்கு உடனே பதில் சொல்லவில்லை. ரகுநாதாச்சாரி பெயரை அவர் அறிந்திருந்தார், அது எனக்கு நிறைவாக இருந்தது.

"கணிதத்துல தப்பு இருந்தா நான் திருத்திண்டுடுவேன். பலன்ல எதை வெச்சுத் திருத்தறது? வரவா பயந்துண்டு வரா. ஒரு வார்த்தை வேணும் அவாளுக்கு."

பயத்தோடு வருகிறவர்களுக்கு வார்த்தை வேண்டும்தான். அந்த வார்த்தை ஒரு கர்ப்பிணியை மூன்று மணி நேரம் நாவறள வைப்பதாகவோ, ஒரு தாயை அறுபது வருடம் குற்றவாளியாக நிறுத்துவதாகவோ இருக்க வேண்டியதில்லை என்று சொன்னேன். அவிநாசி அப்பத்தாவைப் பற்றியும், உதடு கூடும் வாரத்தைப் பற்றியும் சொன்னேன். ஒவ்வொரு கிரகணத்துக்கும் அவர் தெரிந்தவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் தாள் ஒன்று இருந்தது. 26-ஆம் தேதித் தாளில் கர்ப்பிணிகளுக்கு என்று நாலு வரி. அவற்றை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். அதற்குப் பதில் கண்ணாடி இல்லாமல் சூரியனைப் பார்க்காதீர்கள் என்று போடுங்கள், உண்மையான ஆபத்து அது ஒன்றுதான், விழித்திரை வெந்தாலும் வலி தெரியாது என்றேன்.

அவர் தம் குறிப்பேட்டைப் புரட்டினார். 2031 மே 21 என்று காட்டினார். தமிழ்நாட்டுக்கு அடுத்த வளையக் கிரகணம், தேனி, மதுரை வழியாக. என் கைப்பேசியில் இருந்த தேதியோடு அது ஒத்துப்போனது.

"இடையில பாதிக் கிரகணமெல்லாம் வரும். அடுத்த தாள்லேர்ந்தே கண்ணாடி சமாச்சாரம் போட்டுடறேன். கர்ப்பிணிகள் தாராளமா தீர்த்தம் குடிக்கலாம்னும் போட்டுடறேன். அருவாமனையை மட்டும் விட்டுடுங்கோ, அதை எடுத்தா தாளையே வாங்க மாட்டா."

அருவாமனையைப் பற்றியும் பேச மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாங்கோ என்றார்.